அந்துப்பூச்சியின் நுகர்வு நரம்பில் ஆண்–பெண் வேறுபாடு: முதல்முறை அளப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆண் அந்துப்பூச்சியின் உணர்கொம்பில் பெண்ணின் பெரோமோனை (இணையை அழைக்க வெளியிடும் வாசனைப்பொருளை) முகர்வதற்கென்றே ஆயிரக்கணக்கான நீள உணர்மயிர்கள் இருக்கின்றன. அந்தச் செய்தி மூளையில் வந்து சேர்வதற்கென்றே ஒரு பெரிய குளோமருலஸ் தொகுதியும் (குளோமருலஸ் என்பது நரம்பிழைகள் வந்து கூடும் சிறு உருண்டை) இருக்கிறது. பெண்ணிடம் அது இல்லை. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் விஷயம் இது. இதையே உங்கள் மேசையில், உங்கள் பூச்சிகளில், எண்ணாக அளந்து காட்டச் சொன்னால்தான் சிக்கல் ஆரம்பம். நானும் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் எழுதாமல் விட்ட விஷயங்கள்தான் அதிக நாட்களைத் தின்றன. அவற்றை இங்கே வரிசையாகப் போடுகிறேன்.

இங்கே இரண்டு அளவீடுகளைப் பற்றிப் பேசுகிறேன். ஒன்று, உணர்கொம்பு முழுவதும் எழுப்பும் மின்னழுத்தத்தைப் பதிவுசெய்வது, இதை ஈ.ஏ.ஜி. (எலெக்ட்ரோஆன்டெனோகிராம்) என்பார்கள். இன்னொன்று, மூளையில் குளோமருலஸ்களின் கன அளவை அளப்பது. முதுகலை ஆய்வேட்டுக்கு இந்த இரண்டுமே போதும்.

1. முதலில் பூச்சியைத் தேர்ந்தெடுங்கள், கேள்வியை எழுதி வையுங்கள்

புதியவர்களுக்கு என் பரிந்துரை பட்டுப்பூச்சி (பாம்பிக்ஸ் மோரி). அது பறக்காது, தப்பிப் போகாது, வளர்ந்த பூச்சி எதையும் தின்னாது. ஆணின் ஒவ்வொரு நீள உணர்மயிரிலும் இரண்டு நியூரான்கள். ஒன்று பெண் வெளியிடும் பாம்பிகோலுக்கு, இன்னொன்று அதன் ஆல்டிஹைடு உறவான பாம்பிகாலுக்கு. பெண்ணிடமும் அதே நீள உணர்மயிர்கள் உண்டு. ஆனால் அவற்றிலுள்ள நியூரான்கள் லினலூல் என்ற செடி வாசனைக்கும் பென்சோயிக் அமிலத்துக்கும் பதில் தருகின்றன. வெளியே பார்க்க ஒரே மயிர், உள்ளே வேறு வேலை. பாலின வேறுபாட்டைப் படிக்க இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கடினம்.

மூளை உடற்கூறுதான் உங்கள் முக்கிய ஆர்வம் என்றால் புகையிலைக் கொம்புப்புழு (மண்டூகா செக்ஸ்டா) நல்ல தேர்வு. பெரிய பூச்சி, பெரிய மூளை. குளோமருலஸ்களின் வரைபடமும் ஏற்கெனவே இருக்கிறது. சாதாரண குளோமருலஸ்கள் இரு பாலுக்கும் பொதுவாகச் சுமார் 60. ஆணிடம் அவற்றோடு பெருங்குளோமருலஸ் தொகுதி (எம்.ஜி.சி.) சேர்ந்திருக்கும். பெண்ணிடம் ஏறக்குறைய அதே இடத்தில் இரண்டு பெரிய குளோமருலஸ்கள் இருக்கும். அவற்றில் பக்கவாட்டில் இருப்பது லினலூலுக்குப் பதில் தருகிறது.

இந்தக் கடைசி விவரத்தைக் கவனியுங்கள். பெண்ணை “எம்.ஜி.சி. இல்லாத ஆண்” என்று நினைத்துத் திட்டமிடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. பெரோமோனை மட்டும் வைத்துக்கொண்டு இரு பாலையும் சோதித்தால், பெண்ணின் பக்கம் வெறும் பூஜ்யம்தான் வரும். முட்டையிடச் செடி தேடும் பூச்சி அது. அதற்கு முக்கியமான வாசனை ஒன்றாவது உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

பூஜ்யமும் எல்லா இனத்திலும் நிச்சயம் இல்லை. ஸ்போடோப்டெரா லிட்டோராலிஸ் போன்ற சில இனங்களில் பெண்ணும் தன் பெரோமோனை முகர்கிறது. எனவே “பெண் பதில் தராது” என்பதை எடுகோளாக வைத்துச் சோதியுங்கள், முடிந்த உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. காகித வேலை: பூச்சி வருவதற்கு முன்பே

பெரும்பாலான நாடுகளில் விலங்கு ஆய்வு நெறிக்குழு அனுமதி பூச்சிகளுக்குக் கட்டாயமில்லை. இருந்தாலும் “தேவையில்லை” என்பதை உங்கள் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போது இதழ்கள் அதைக் கேட்கலாம்.

உண்மையான தடை வேறு இடத்தில். நீங்கள் தேர்ந்தெடுத்த இனம் பயிர்ப்பூச்சியாக இருந்தால், அதை எல்லை தாண்டிக் கொண்டுவரவும் சில இடங்களில் வளர்க்கவுமே தாவரப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். காய்ப்புழுவோ வெட்டுப்புழுவோ எடுத்தால் இது நிச்சயம் வரும். விண்ணப்பத்தில் பூச்சி தப்பாமல் இருக்க என்ன ஏற்பாடு, மிஞ்சிய பூச்சிகளை எப்படி அழிப்பீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் தவறாமல் இருக்கும். இரட்டைக் கதவு, வலை, உறையவைத்து அழிக்கும் முறை என்று துல்லியமாக எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக எழுதினால் திரும்பி வரும். பட்டுப்பூச்சிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதைப் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மரபணு மாற்றிய பூச்சி வழிகளை வாங்குவதென்றால் உயிரிப் பாதுகாப்பு அனுமதியும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் தனி. முதல்முறையே அதில் இறங்க வேண்டாம்.

இவற்றோடு மூன்று ஆவணங்களைக் கோப்பில் போடுங்கள்: ஒவ்வொரு வேதிப்பொருளின் பாதுகாப்புத் தாள், பெரோமோனின் தூய்மைச் சான்றிதழ், கன்ஃபோகல் நுண்ணோக்கியை (மாதிரியை ஆழ அடுக்குகளாகப் படம் எடுப்பது) இயக்கப் பயிற்சி பெற்றதற்கான சான்று. சான்றிதழில் “தூய்மை 95%” என்று பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். மீதி 5% என்ன என்று கேளுங்கள். அது அதே மூலக்கூறின் வேறு ஐசோமராக (அதே அணுக்கள், வேறு அமைப்பு) இருக்கலாம். அந்துப்பூச்சிக்கு அது வேறொரு வாசனை.

3. பணம் எங்கே போகும்

பூச்சி வளர்ப்புக்குப் பெரிதாக ஆகாது. அதிகம் விழுங்குவது கன்ஃபோகல் நுண்ணோக்கியின் மணிக்கட்டணம். அடுத்தது ஈ.ஏ.ஜி. ஆம்ப்ளிஃபையர், அதற்கடுத்தது பெரோமோன், ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தில் ஒட்டி அதைக் காட்டித் தருவது).

மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்களும் உண்டு. ஆம்ப்ளிஃபையரைப் பழைய மின்னுடலியல் ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கலாம். உள்ளீட்டு மின்தடை மிக அதிகமாக இருந்தால் போதும். மின்காந்த இரைச்சலைத் தடுக்கும் கூண்டை உலோக வலையில் நீங்களே செய்யலாம். சினாப்சினுக்கான (நரம்பிணைப்புகளில் இருக்கும் புரதம்) 3சி11 ஆன்டிபாடி, அயோவா பல்கலைக்கழகத்திலுள்ள டெவலப்மென்டல் ஸ்டடீஸ் ஹைப்ரிடோமா பேங்க்கில் கிடைக்கும். அது லாப நோக்கமில்லாத அமைப்பு. பழ ஈயின் புரதத்துக்காக உருவான ஆன்டிபாடிதான், ஆனாலும் அந்துப்பூச்சி மூளையில் நன்றாகவே ஒட்டும். கன அளவைக் கணக்கிட விலையுயர்ந்த மென்பொருள் அவசியமில்லை. ஃபிஜி, 3டி ஸ்லைசர் இரண்டும் இலவசம்.

பெரோமோனில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வயலில் பூச்சி பிடிக்கும் பொறிக்கென்று மலிவாகக் கிடைக்கும் குப்பியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

4. வளர்ப்பும் பால் பிரிப்பும்

பட்டுப்பூச்சியில் அடைகாக்கத் தொடங்கிய முட்டை பொரிய ஏறக்குறைய 10 நாள், புழுப் பருவம் சுமார் 4 வாரம், கூட்டுப்புழுப் பருவம் சுமார் 2 வாரம். அதாவது ஒரு தொகுதி வீணானால் இரண்டு மாதம் போச்சு. ஆகவே ஒரே தொகுதியை நம்பாமல், வாரம் ஒரு தொகுதி என்று இடைவெளிவிட்டு முட்டைகளை அடைவையுங்கள்.

பாலைக் கூட்டுப்புழுவிலேயே பிரித்துவிட வேண்டும். வயிற்றுப்பக்கத்தை மேலே திருப்பி வாலோரம் பாருங்கள். பெண்ணுக்கு 8-ஆவது வயிற்றுக் கண்டத்தில் பிளவு போன்ற கோடு தெரியும். பட்டுப்பூச்சியில் அது பெருக்கல் குறி போலவே இருக்கும். ஆணுக்கு 9-ஆவது கண்டத்தில் சிறு புள்ளி. முதலில் கண்டங்களை எண்ணத் தடுமாறுவீர்கள். கைவிளக்கைச் சாய்வாக அடித்தால் நிழலில் கோடு தெளிவாகத் தெரியும். பறக்கும் இனங்களில் இன்னொரு சோதனையும் உண்டு. முன்னிறகையும் பின்னிறகையும் கோக்கும் முள் பெரும்பாலும் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்குப் பல.

பிரித்ததும் ஆணையும் பெண்ணையும் வேறு வேறு அறையில் வையுங்கள். ஒரே அலமாரியின் இரு தட்டுகள் போதாது. பெரோமோனை முன்பே முகர்ந்த ஆணின் உணர்திறன் மாறலாம். ஸ்போடோப்டெரா லிட்டோராலிஸில் சிறிது நேரம் முகர்ந்ததே பிந்தைய உணர்திறனைக் கூட்டிவிடுவதைக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் அளப்பது பாலின வேறுபாடா, அனுபவ வேறுபாடா என்று கடைசியில் பிரிக்க முடியாமல் போகும்.

உணர்கொம்புப் பகுதி நசுங்கிய கூட்டுப்புழுக்களை ஒதுக்கிவிடுங்கள். மூளையில் குளோமருலஸ்கள் உருவாவதே உணர்கொம்பிலிருந்து வரும் நரம்பிழைகளைப் பொறுத்தது. மண்டூகாவில் ஆண் புழுவின் உணர்கொம்பு முளையை எடுத்துப் பெண் புழுவில் பொருத்தினால், வளர்ந்த பெண்ணின் மூளையில் ஆணுக்குரிய எம்.ஜி.சி. உருவாகிறது. வெளியே பட்ட காயம் உள்ளேயும் பதியும்.

வயதையும் வேளையையும் பூட்டி வையுங்கள்: எல்லாப் பூச்சிகளும் கூட்டிலிருந்து வெளிவந்து ஒரே நாள் வயது, பதிவு நடப்பது ஒரே மணிநேரம். இரவில் இயங்கும் இனமானால் வளர்ப்பறை விளக்கின் சுழற்சியைத் தலைகீழாக்கி, அதன் இரவை உங்கள் பகலில் வரவையுங்கள். பூச்சி புதிய சுழற்சிக்குப் பழகச் சில நாட்கள் கொடுக்க வேண்டும்.

5. வாசனைகளைத் தயாரித்தல்

பெரோமோனை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் கரைத்து, பத்து பத்து மடங்காக நீர்த்துப்போகச் செய்து, கண்ணாடிக் குப்பிகளில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஆல்டிஹைடுகள் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். பாம்பிகால் வாங்கினால் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் திறங்கள். பாம்பிகோல், பாம்பிகால் என்று குப்பியில் கையால் எழுதினால் குழப்பம் உறுதி. நிறப்பட்டை ஒட்டுங்கள்.

மிகக் குறைந்த செறிவிலிருந்து மேலே போங்கள். தலைகீழாகப் போனால் குழாய்களில் ஒட்டிய பெரோமோன் அடுத்த பதிவுகளை எல்லாம் கெடுத்துவிடும். கையுறை, இடுக்கி, பிளாஸ்டிக் குழாய் எல்லாவற்றிலும் அது ஒட்டும். கண்ணாடிப் பொருட்களைக் கரைப்பானில் கழுவியபின் உலையில் சூடேற்றுங்கள்.

கரைசல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: ஒரு பட்டு ஆண். வடிதாளில் சொட்டுவிட்டு அதன் முன்னே நீட்டுங்கள். சரியான பாம்பிகோல் என்றால் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டமிடும். ஹெக்ஸேன் மட்டும் விட்ட தாளுக்கும் அப்படியே ஆடினால் உங்கள் அறை முழுவதும் மாசுபட்டிருக்கிறது என்று பொருள்.

6. ஈ.ஏ.ஜி. பதிவு

வெள்ளிக் கம்பிகளை ப்ளீச் கரைசலில் ஊறவிட்டுக் குளோரைடு பூச்சு ஏற்றுங்கள். சாம்பல் கலந்த ஊதா நிறம் வர வேண்டும். பளபளப்பு மிச்சமிருந்தால் வாசனை இல்லாதபோது வரும் அடிக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். உணர்கொம்பை அடியில் வெட்டி, நுனியிலும் ஓரிரு கண்டங்களை நறுக்கி, உப்புக்கரைசல் நிரப்பிய இரண்டு கண்ணாடி மின்முனைகளுக்கு இடையில் பொருத்துங்கள். வெட்டியதிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. சமிக்ஞை தேய்ந்துகொண்டே வரும். தலையோடு சேர்த்துப் பொருத்தினால் இன்னும் அதிக நேரம் தாங்கும்.

கரியில் வடிகட்டி ஈரமூட்டிய காற்று இடைவிடாமல் வீச வேண்டும். அதனுள்ளே அரை விநாடித் துடிப்பாக வாசனையைச் செலுத்துங்கள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குறைந்தது ஒரு நிமிடம். செறிவு கூடக் கூட இடைவெளியையும் கூட்டுங்கள். எதிரே ஒரு உறிஞ்சுகுழாய் வைத்து, வந்த வாசனையை வெளியே தள்ளுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: வெறும் காற்று, ஹெக்ஸேன், நிலையான வாசனை (எல்லாப் பூச்சிக்கும் ஒப்பீட்டுக்காகத் தரும் ஒரே வாசனை), பிறகு சோதனை வாசனைகள் ஏறுமுகமாக, கடைசியில் மீண்டும் அதே நிலையான வாசனை, ஹெக்ஸேன். முதலிலும் முடிவிலும் போட்ட நிலையான வாசனை, உணர்கொம்பு எவ்வளவு சோர்ந்தது என்று காட்டும். பாதிக்கும் கீழே விழுந்திருந்தால் அந்தப் பதிவைத் தள்ளிவிடுங்கள்.

ஆணையும் பெண்ணையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பதிவுசெய்யுங்கள். ஒரு வாரம் முழுக்க ஆண், அடுத்த வாரம் பெண் என்று போனால் ஈரப்பதம், புதிய வடிதாள், மின்முனையின் நிலை எல்லாம் பாலின வேறுபாடாக வேடம் போட்டு வரும். எது ஆண், எது பெண் என்று பதிவுசெய்பவருக்கே தெரியும் என்பதால், வரைவுகளை அளப்பவர் இன்னொருவராக இருக்கட்டும்.

7. பெரிய பொறி: எதனால் வகுக்கிறீர்கள்?

எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஈ.ஏ.ஜி. என்பது பல நியூரான்களின் மின்னழுத்தக் கூட்டு. அதன் மில்லிவோல்ட் அளவு, பதில் தரும் நியூரான்களின் எண்ணிக்கையை மட்டும் சார்ந்ததல்ல. உணர்கொம்பின் தடிமன், நீளம், மின்முனையின் இடம் எல்லாமே அதில் கலந்திருக்கும். ஆணின் உணர்கொம்பு பெரும்பாலும் பெரியது. அதனால் ஆணின் மில்லிவோல்ட்டையும் பெண்ணின் மில்லிவோல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டை வரைபடம் போடக் கூடாது.

சரி, நிலையான வாசனையால் வகுத்துவிடலாம் என்று தோன்றும். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நிலையான வாசனைக்கே இரு பாலும் வெவ்வேறாகப் பதில் தந்தால்? பட்டுப்பூச்சியில் லினலூலை நிலையான வாசனையாக வைத்தால் பெண்ணின் வகுஎண் பெரிதாகி, அதனால் வகுத்த மற்ற எல்லாப் பதில்களும் பெண்ணில் சிறியதாகத் தெரியும். நீட்டினால் நீளும் துணியை அளவுகோலாக வைத்துக்கொள்வது போலத்தான் இது.

மூன்று வழிகள் இருக்கின்றன. இரு பாலிலும் ஏறக்குறைய ஒரே அளவு பதில் தரும் வாசனையை முன்சோதனையில் கண்டுபிடித்து அதையே நிலையானதாக வைக்கலாம். அல்லது அளவை விட்டுவிட்டு, ஹெக்ஸேனைத் தாண்டி முதன்முதலில் பதில் தெரியும் செறிவை ஒப்பிடலாம். அல்லது ஒவ்வொரு பாலிலும் பெரோமோனுக்கும் செடி வாசனைக்கும் உள்ள விகிதத்தைத் தனித்தனியே கணக்கிட்டு, விகிதங்களை ஒப்பிடலாம். நான் இரண்டாவதை நம்புகிறேன். வேலை அதிகம்தான், ஆனால் வகுப்பதே இல்லை என்பதால் வாதமும் குறைவு.

8. மூளையைப் பார்ப்பது

மூளையை உப்புக்கரைசலில் வெட்டி எடுங்கள். மண்டூகாவுக்குப் பரவலாகப் பயன்படும் கலவை: சோடியம் குளோரைடு 150, பொட்டாசியம் குளோரைடு 3, கால்சியம் குளோரைடு 3, டெஸ் பஃபர் 10, சர்க்கரை (சுக்ரோஸ்) 25, எல்லாம் மில்லிமோலாரில், அமில–காரக் குறியீடு 6.9. மூச்சுக்குழல்களை முடிந்தவரை உரித்துவிடுங்கள். உள்ளே காற்று சிக்கினால் படத்தில் கறுப்புக் கோடாக விழும்.

பிறகு 4% பாராஃபார்மால்டிஹைடில் ஓர் இரவு, பல முறை கழுவல், சினாப்சின் ஆன்டிபாடியில் 4 டிகிரியில் ஏறக்குறைய 5 நாள், ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியில் சுமார் 3 நாள், எத்தனால் படிகள், கடைசியில் மெத்தில் சாலிசிலேட்டில் தெளிவாக்கல். மூளை தடிமனானது என்பதால் இந்த நாட்களைச் சுருக்க வேண்டாம். சுருக்கினால் ஓரம் மட்டும் ஒளிரும், நடுவே இருட்டு.

மெத்தில் சாலிசிலேட் பற்றி இரண்டு எச்சரிக்கை. அது பாலிஸ்டைரீன் தட்டுகளைக் கரைக்கும், கண்ணாடியில் மட்டும் வையுங்கள். அதோடு அது செடிகள் வெளியிடும் வாசனையும்கூட. ஈ.ஏ.ஜி. இருக்கும் அறையில் அந்தக் குப்பியைத் திறக்கவே கூடாது.

நுண்ணோக்கியில் முதலில் தேட வேண்டிய இடம், உணர்கொம்பு நரம்பு மூளைக்குள் நுழையும் வாசல். ஆணின் எம்.ஜி.சி. அங்கேதான் இருக்கும். பட்டுப்பூச்சியில் அது மூன்று பகுதி: டொராய்டு, க்யூமுலஸ், குதிரைலாடம். பாம்பிகோல் செய்தி டொராய்டுக்கும் பாம்பிகால் செய்தி க்யூமுலஸுக்கும் போகிறது.

காற்று லென்ஸில் எடுத்தால் ஆழத்தின் அளவு சுருங்கித் தெரியும், ஏனென்றால் மெத்தில் சாலிசிலேட்டின் ஒளிவிலகல் எண் காற்றைவிட அதிகம். ஆழ அச்சைச் சுமார் 1.5 முதல் 1.6 மடங்கு திருத்த வேண்டும். இரு பாலுக்கும் ஒரே பிழை என்பதால் விகிதம் மாறாது. ஆனால் பிறர் வெளியிட்ட கன அளவோடு ஒப்பிடும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வகுக்கும் பிரச்சினை இங்கேயும் வரும். எம்.ஜி.சி.-யின் கன அளவை உணர்கொம்பு மடல் (குளோமருலஸ்கள் எல்லாம் அடங்கிய மூளைப் பகுதி) முழுவதன் கன அளவால் வகுப்பது வழக்கம். ஆனால் அந்த மடலின் கணக்கில் எம்.ஜி.சி.-யும் உட்பட்டிருக்கிறது, ஆணில் அதனாலேயே மடல் பெரிது. மத்திய உடல் போல நுகர்வோடு நேரடித் தொடர்பில்லாத மூளைப் பகுதியையோ, சாதாரண குளோமருலஸ்களின் கூட்டுத்தொகையையோ வகுஎண்ணாக வையுங்கள். அதையும் முதலில் இரு பாலிலும் தனியே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

குளோமருலஸ்களின் எல்லை வரைவதுதான் அதிக நேரம் எடுக்கும் வேலை. கறை ஏற்றுவதைவிடப் பல மடங்கு. எம்.ஜி.சி. கண்ணில் பட்டாலே ஆண் என்று தெரிந்துவிடும் என்பதால், சாதாரண குளோமருலஸ்களை அளக்கும்போது அந்தப் பகுதியை வெட்டிய படத்தைக் கோப்புப் பெயர் மறைத்து ஒருவரிடம் கொடுங்கள்.

9. எண்ணும்போது

மாதிரியின் அலகு பூச்சி, உணர்கொம்பு அல்ல. ஒரே பூச்சியின் இடது, வலது கொம்புகளை இரண்டாக எண்ணினால் கட்டுரையை மதிப்பிடும் நடுவர் திருப்பி அனுப்புவார், அது நியாயமும்கூட. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து மட்டும் ஆண், பெண் எல்லாவற்றையும் எடுக்காமல், பல குடும்பங்களில் பரப்பி எடுங்கள்.

உணர்கொம்பில் மரபணு வெளிப்பாட்டையும் சேர்த்து அளக்கச் சொல்வார்கள். பட்டுப்பூச்சியில் பாம்பிகோலைப் பிடிக்கும் ஏற்பிப் புரதத்தின் மரபணுவான பி.எம்.ஓ.ஆர்.1 ஆணில் ஓங்கியிருக்கும், பி.எம்.ஓ.ஆர்.19, 30 பெண்ணில். செய்யலாம், ஆனால் ஆர்.என்.ஏ. எடுக்கும் உணர்கொம்பு மின்பதிவு முடிந்ததாக இருக்கக் கூடாது. அதற்கென்று தனிப் பூச்சிகளை, அதே நாளில், அதே மணிநேரத்தில் உறையவையுங்கள்.

தள்ளிவிட்ட பதிவுகளையும் காரணத்தோடு தனிக் கோப்புறையில் வைத்திருங்கள். எத்தனை ஆண், எத்தனை பெண் தள்ளப்பட்டன என்ற எண்ணிக்கையை நடுவர் கேட்பார். ஒரு பாலில் மட்டும் அதிகமாகத் தள்ளியிருந்தால், உணர்கொம்பைப் பொருத்தும் முறையை அந்தப் பாலுக்கு மாற்றியமைத்துவிட்டு மேற்கொண்டு பதிவுசெய்யுங்கள்.